கேஸ் இல்லேன்னு சொன்ன லோயர்

அப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிப் பாதிதான் உண்டு. 1996இல் கிள்ளான் பக்கம் ஒரு பலகை ஃபேக்டரியில், வெட்டு மெஷினில் போனவை. சோறு அள்ள அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் உருண்டையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி வாய்க்குக் கொண்டுபோவார். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கல்யாண வீடுகளில் மட்டும் கரண்டி கேட்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கட்டுப் பிரித்த சில வாரங்களில் அப்பா லோயர் பார்க்கக் கிளம்பினார். அம்மா வேலைக்குப் போயிருந்ததால் என்னையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டார். நம்ம ஆளுங்க லோயர் தேடுகிற விதம் அன்றும் இன்றும் ஒன்றுதான். முடிதிருத்தும் கடையில் கேட்பது, கோயில் கமிட்டியில் கேட்பது, கட்சிக் கிளைத் தலைவரிடம் கேட்பது. மூன்று இடத்திலும் ஒரே பேர் வந்தால் அவர் நல்ல லோயர். அப்படிக் கிடைத்தவர் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தார். செங்குத்தான மரப்படிகள். கீழே ஜவுளிக்கடை. அப்பா கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

லோயர் காகிதங்களைப் புரட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. “அண்ணே, நீங்க சொக்சோ கட்டுறீங்க. அதுல பணமும் வந்திருக்கு. தவுக்கே மேல கேஸ் போட முடியாது. கேஸ் இல்ல.” அப்பா சட்டைப் பையிலிருந்து ஐம்பது வெள்ளி எடுத்தார். லோயர் வேண்டாம் என்று கையசைத்தார்.

படி இறங்கும்போது அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “காசு வேணாம்னுட்டான் பாத்தியா? அங்க வாங்கிட்டான்.”

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எங்கள் குடும்பத்தில் இது ஒரு வரலாற்று உண்மை. தவுக்கே லோயரை வாங்கிவிட்டார். தீபாவளிக்கு உறவுகள் கூடும்போது அப்பா இதைச் சொல்வார், சித்தப்பாக்கள் தலையாட்டுவார்கள். நானும் நம்பினேன். பின்னால் வேறொரு காரணத்துக்காக 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்க வேண்டி வந்தது. அதன் 31ஆவது பிரிவில் அந்த மேல்மாடிக்காரர் சொன்னது அப்படியே இருந்தது. காப்புறுதி பெற்ற தொழிலாளி, வேலைக் காயத்துக்காக வேறு எந்தச் சட்டத்தின் கீழும் தன் முதலாளியிடம் நட்டஈடு பெற முடியாது. முதலாளியின் ஆள் ஒருவரிடமும் பெற முடியாது.

அந்த மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். சரி, அந்த உண்மை எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

●

இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடை. சார்லஸ் பிரீஸ்ட்லி அங்கே வேலைக்காரப் பையன். முதலாளி ஃபௌலர். இறைச்சி ஏற்றிய வண்டி பாரம் தாங்காமல் உடைந்து, பையனின் தொடையெலும்பு முறிந்தது. வழக்கு போட்டார்கள். ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். 1837இல் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வண்டியில் பாரம் அதிகமா இல்லையா என்று பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பயமாக இருந்தால் ஏறாமல் இருந்திருக்கலாம். இதற்கெல்லாம் முதலாளியைப் பொறுப்பாக்கினால் எங்கே போய் நிற்கும் என்று நீதிபதி அபிஞ்சர் பிரபு கவலைப்பட்டார்.

இந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு கோட்பாடு முளைத்தது. கூட வேலை செய்கிறவனின் கவனக்குறைவால் உனக்கு அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல. இதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தாய், ஆகவே அது உன் பொறுப்பு. உன் பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கிறது, ஆகவே உனக்கு ஒன்றும் கிடையாது. ஃபேக்டரியில் யார் அடிபட்டாலும் இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளிக்கு நீதிமன்றம் திறந்துதான் இருந்தது. லோயரும் கிடைப்பார். உள்ளே போனால் தோற்பான், அவ்வளவுதான்.

ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் 1897இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரு பேரம். யார் தப்பு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். வேலையில் அடிபட்டாலே பணம் உண்டு. ஆனால் முழுப் பணம் கிடையாது, சட்டம் சொல்லும் அளவுதான். தப்பைப் பற்றிப் பேச்சில்லை என்றால் சாட்சி வேண்டாம், வாதம் வேண்டாம், லோயரும் வேண்டாம். தொழிலாளி நேரே போய்ப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம்.

நடந்தது வேறு. 1897 சட்டத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. காயம் ‘வேலையின் காரணமாக எழுந்து, வேலையின் போக்கில்’ நேர்ந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் படியில் வழுக்கினால்? வேலை முடிந்து திரும்பும் வழியில் விழுந்தால்? மின்னல் தாக்கினால்? இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டின. லோயர் வேண்டாம் என்று எழுதப்பட்ட சட்டம் லோயர்களுக்கு இவ்வளவு சோறு போட்டது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்தச் சொற்றொடர் கப்பலேறி இந்தியாவின் 1923 சட்டத்துக்குள் போனது, மலாயாவுக்கு வந்தது. சொக்சோ சட்டத்தில் ‘வேலைக் காயம்’ என்பதற்கான விளக்கத்தில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

●

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில். அதற்குள் நம்ம ஆளுங்க இரண்டு தலைமுறைக்கு மேல் காடு வெட்டி, ரயில் பாதை போட்டு, பால்மரம் வெட்டிவிட்டார்கள். அந்த இரண்டு தலைமுறையின் உடைந்த கைகளுக்கும் பாம்புக்கடிகளுக்கும் சட்டத்தில் விலை இல்லை. தோட்டத்து டிரெசர் மருந்து போடுவார். குணமானால் வெளிக்காட்டு வேலை கொடுப்பார்கள். குணமாகாவிட்டால் ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

சட்டம் வந்த பிறகாவது தோட்டத்துத் தொழிலாளிக்கு லோயர் கிடைத்தாரா? இந்திய வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூரில் எஸ். என். வீராசாமி கூட்டரசு மன்றத்தில் இந்தியர்களின் பிரதிநிதியாகவே இருந்தார். பினாங்கில் என். ராகவன், சிங்கப்பூரில் எஸ். சி. கோஹோ. 1936இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கத்தில் தலைமைக்கு வந்தவர்களில் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பட்டணத்து மனிதர்கள். தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். தொழிலாளி வெளியே போகலாம், சரி. எப்போது போவது? விடியலுக்கு முன் பெரட்டு, மதியம் வரை பால்வெட்டு, பிறகு ஸ்டோரில் பால் நிறுக்க வேண்டும். ஒரு நாள் பட்டணம் போனால் ஒரு நாள் பேர் போடமாட்டார்கள்.

லோயர் இல்லாத இடத்தில் வேறு சிலர் இருந்தார்கள். தொழிலாளர் இலாகா அதிகாரி வருவார், ஆனால் துரை பங்களாவில் தேநீர் குடித்துவிட்டுத்தான் லயத்துப் பக்கம் வருவார் என்பது தோட்டத்துப் பழைய பேச்சு. இந்தியாவின் 1922 குடியேற்றச் சட்டத்தின் வழியாக வந்த இந்திய அரசின் ஏஜெண்ட் கோலாலம்பூரில் இருந்தார், அவருக்கு மனு போடலாம். மனு யார் எழுதுவது? பட்டணத்தில் கோர்ட்டு ஓரம் தட்டச்சு மெஷினோடு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவர். அல்லது தோட்டத்துக் கிராணி. நட்டஈடு கேட்பது தோட்டத்திடம், கேட்டு எழுதித் தருகிறவர் தோட்டத்திடமே சம்பளம் வாங்குகிறவர். இதில் எத்தனை மனு ஆபிசைத் தாண்டிப் போயிருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னொரு சிக்கல் செக்ரோல். பேர் இருந்தால்தான் தொழிலாளி. மரம் வெட்டுகிறவன் பேர் செக்ரோலில் இருக்கும். கூடப் போய்ப் பால் எடுக்கிற பெண்டாட்டி, மங்கு துடைக்கிற பிள்ளை பேர் பல நேரம் இருக்காது. பின்னால் காண்ட்ராக்ட் முறை பெருகியபோது தோட்டம் கையை விரித்தது: அவன் எங்க ஆள் இல்ல, காண்ட்ராக்டர் ஆள். காண்ட்ராக்டரைக் கேட்டால், அவன் சம்பளக்காரன் இல்ல, எடைக்குக் காசு வாங்குறவன். காயத்தை யாரும் மறுக்கவில்லை. நீ யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி. லோயர் இல்லாமல் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

1952இல் கூட்டரசு மலாயாவுக்குப் பொதுவாக ஒரு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. 1954இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்ததைத் தற்செயலாக மட்டும் பார்க்க முடியவில்லை. பி. பி. நாராயணனின் சங்கத்தைப் பற்றி நம் எழுத்தாளர்களுக்கும் இடதுசாரிகளுக்கும் நிறைய விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கை போனவனின் பாரத்தை நிரப்பிக் கொடுத்து, இலாகாவுக்குக் கூட்டிப்போய், ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசிய முதல் ஆள் பல தோட்டங்களில் சங்கத்தின் ஆள்தான். கோட்டுப் போடாத லோயர்.

●

இந்தச் சட்டங்களின் குடும்பச் சொத்து என்று ஒரு அட்டவணை இருக்கிறது. உடம்பை விழுக்காடாகப் பிரித்துப் போட்ட அட்டவணை. இந்தியச் சட்டத்தில் கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9. நடுவிரல் முழுசாக 12, இரண்டு கணு 9, ஒரு கணு 7. மோதிர விரலும் சுண்டுவிரலும் ஆளுக்கு 7. நம் 1969 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் இதே வம்சம்.

முதன்முதலில் படித்தபோது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். நீங்களும் பார்ப்பீர்கள். மோதிர விரலுக்கு 7 என்று தீர்மானித்தவர் எழுதுகோலையும் ஸ்குரூவையும் பற்றி யோசித்திருக்கிறார். சோற்றை உருட்டுவதைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் அப்பாவுக்கு மோதிர விரல் இன்று ஐம்பது விழுக்காடு.

●

அப்பா தேடிப் போன லோயர் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மனசில் இருந்தது ஈப்போ டி. ஆர். சீனிவாசகம் மாதிரி ஒருவர். சீனிவாசகம் சகோதரர்கள் இருவரும் வழக்கறிஞர்கள், மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தியவர்கள். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார் டி. ஆர். என்று பேராக்கில் கிழவர்கள் இன்றும் சொல்வார்கள். கூண்டில் முதலாளியை நிறுத்தி, கேள்வி மேல் கேள்வி கேட்டு வேர்க்க வைக்கிற லோயர். சினிமாவும் அந்தப் பிம்பத்துக்குச் சோறு போட்டது. அப்பாவுக்குப் பணம் இரண்டாம்பட்சம். மெஷினில் காப்புத் தகடு கழட்டிப் போட்டிருந்ததை யாராவது ஒருவர் தவுக்கே முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். அதுதான் அவருடைய கேஸ்.

டி. ஆர். சீனிவாசகம் 1969இல் காலமானார். அதே ஆண்டின் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தையே எடுத்துவிட்டது.

எடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய முறையில் பணம் கொடுக்க வேண்டியது முதலாளி. அவர் கம்பெனியை மூடினால் போச்சு. ஒரே தடவையில் மொத்தமாகக் கிடைக்கும் தொகை, கடனுக்கும் கல்யாணத்துக்கும் கரைந்துவிடும். 1971இல் இயங்கத் தொடங்கிய சொக்சோவில் முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் சந்தா கட்டுகிறார்கள். முதலாளி ஓடிப்போனாலும் பணம் இருக்கிறது. பெரிய ஊனத்துக்கு உயிருள்ளவரை மாதப் பணம், செத்தால் குடும்பத்துக்குப் பென்ஷன். எங்கள் லோரோங்கில் கணவனை விபத்தில் இழந்த ஒரு அம்மா அந்தப் பென்ஷனில்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் தீர்ப்பு வருவதற்குள் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும். பேரம் மோசமானதல்ல என்பதுதான் என் கட்சி. பேரத்தில் என்ன கொடுத்தோம் என்பதைக் கையெழுத்துப் போட்டவனுக்கு யாரும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

லோயர்கள் இந்தப் பக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜெயித்தால் மட்டும் கூலி என்று ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் 112ஆவது பிரிவில் தடுக்கிறது. அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் ‘ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு’ என்பதெல்லாம் இங்கே செல்லாது. முதலாளி மேல் வழக்கு கிடையாது, கிடைக்கிற தொகையில் பங்கும் கிடையாது. படிப்பும் வாடகையும் இருக்கிற ஒரு இளம் வழக்கறிஞர் ஏன் சொக்சோ விவகாரத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறார்? ஏழைகளுக்கு உதவ 1971இல் சட்ட உதவிச் சட்டம் வந்தது, வழக்கறிஞர் மன்றத்தின் உதவி மையங்களும் பின்னால் வந்தன. அப்பாவுக்கு அவை இருப்பதே தெரியாது. முடிதிருத்தும் கடையில் யாரும் சொல்லவில்லை.

●

அப்பாவிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. பிறப்புப் பத்திரம், வீட்டு கிராண்ட், அம்மாவின் இறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள். 31ஆவது பிரிவைப் படித்த வாரம் நான் ஃபைலைக் கேட்டேன். சொக்சோ கடிதம் பழுப்பேறி இருந்தது. மலாயில் ஒரே பக்கம். மருத்துவக் குழு கணித்த நிரந்தர ஊனம்: 16 விழுக்காடு.

அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 9ம் 7ம் பதினாறு. அதாவது ஒவ்வொரு விரலிலும் ஒரு கணு. அப்பாவைக் கையை நீட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரலில் அடிக்கணு மட்டும்தான் மிச்சம். நடுவிரலில் அடிக்கணுவும் அதற்கு மேல் ஒரு துண்டும். நான் டாக்டர் இல்லை. எலும்பு எங்கே முடிகிறது என்பதை எக்ஸ்ரே பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஆனால் ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிருப்பது எனக்கே தெரிகிறது. இரண்டு விரலிலும் இரண்டு கணு என்றால் 20.

கடிதத்தின் கடைசிப் பத்தி சிறிய எழுத்து. இந்த முடிவில் திருப்தி இல்லையென்றால், குறிப்பிட்ட நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். இன்றைய விதியில் அது 90 நாள். வேறு வகை முடிவுகளை எதிர்த்துச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம். கதவு இருந்திருக்கிறது. தவுக்கேயை நோக்கிய கதவு அல்ல, சொக்சோவை நோக்கிய கதவு.

அப்பா ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு படியேறிய அன்று, நாள் மிச்சம் இருந்திருக்க வேண்டும். கட்டுப் பிரித்துச் சில வாரம்தான், கடிதம் கையில்தான் இருந்தது. அப்பா கேட்டது ஒரு கேள்வி: தவுக்கே மேல கேஸ் போடலாமா? லோயர் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார். பதினாறு சரியா என்று அப்பா கேட்கவில்லை, கேட்கலாம் என்று அவருக்குத் தெரியாது. லோயரும் எடுத்துச் சொல்லவில்லை. தெரியாததாலா, நேரமில்லாததாலா, ஐம்பது வெள்ளி வாங்காத இடத்தில் அவ்வளவு போதும் என்று நினைத்தாரா? தப்பு எங்கே என்று தேடக்கூடாது என்பதுதானே சட்டத்தின் அடிப்படை. இருந்தாலும் இரவில் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவிடம் இரண்டையும் சொன்னேன். லோயர் காசு வாங்கவில்லை. விழுக்காட்டை எதிர்த்துக் கேட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப அவன் நல்லவன்தானா?” என்றார். இரண்டாவது விஷயத்தைப் பற்றி அன்று ஒன்றும் கேட்கவில்லை.

●

கதவு மூடப்பட்டது உள்ளூர்க்காரர்களுக்குத்தான். 1993இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களை சொக்சோவிலிருந்து எடுத்து, பழைய 1952 சட்டத்துக்குள் தள்ளினார்கள். தமிழ்நாட்டிலிருந்து நம் உணவகங்களுக்கும் முடிதிருத்தும் கடைகளுக்கும் வந்தவர்களும் அதில் அடக்கம். ஒரே மெஷினில் ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கை போனால், உள்ளூர்க்காரனுக்கு மாதப் பணம், மற்றவனுக்கு மொத்தமாக ஒரு தொகை. விபத்து நட்டஈட்டில் சொந்த நாட்டவரையும் அயல்நாட்டவரையும் சமமாக நடத்தச் சொல்லும் 1925ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் மலாயா 1957இலேயே கையெழுத்திட்டிருந்தது. அந்த அமைப்பின் நிபுணர் குழு இதை வருடக்கணக்காகச் சுட்டிக்காட்டியது. 2019 ஜனவரியில்தான் அவர்கள் திரும்ப சொக்சோவுக்குள் வந்தார்கள். அந்த இருபத்தைந்து வருடமும் அவர்களை 31ஆவது பிரிவு தடுக்கவில்லை. ஆனால் பெர்மிட் முதலாளி பேரில். வழக்குப் போட்டு வேலை போனால் பெர்மிட்டும் போகும். பெர்மிட் போனவன் எந்த லோயர் படியில் ஏறுவான்?

பாலத்துக்கு அந்தப் பக்கம் வரலாறு வேறு திசையில் போனது. சிங்கப்பூருக்கும் அதே காலனியச் சட்டம்தான் வேர். 1975இல் புதிய சட்டம், 2008இல் அது வேலைக் காய நட்டஈட்டுச் சட்டம் என்று பேர் மாறி பெரும்பாலான ஊழியர்களுக்கும் விரிந்தது, 2020 செப்டம்பரிலிருந்து இன்னொரு புதிய வடிவம். அங்கே 31ஆவது பிரிவு மாதிரி கதவடைப்பு இல்லை. தொழிலாளி தேர்ந்தெடுக்கலாம். யார் தப்பு என்று பார்க்காமல், உச்சவரம்புக்குள் சட்டப்படி வாங்கலாம். அல்லது முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்து நீதிமன்றத்தில் கேட்கலாம். இரண்டும் சேர்த்துக் கிடையாது. தேர்வு இருப்பதால் அங்கே லோயருக்கு வேலை இருக்கிறது. லோயருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இரண்டு நாட்டிலும் குற்றம். காயம்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளி முடிவு தெரியும்வரை சிறப்பு அனுமதி அட்டையோடு, பெரும்பாலும் வேலை செய்ய முடியாமல், மாதக்கணக்கில் காத்திருக்கிறான். அவர்களுக்காகத்தான் டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறது. கஃப் ரோட்டில் அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். ஊன்றுகோல், கைக்கட்டு, இடுப்பு பெல்ட்டு. வரிசையில் பேச்சு எல்லாம் லோயரைப் பற்றித்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அக்கா மகன். ஜொகூரிலிருந்து மோட்டாரில் பாலம் தாண்டிப் போய் வேலை செய்கிறவன். 2023இல் ஏணியிலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியது. நான் சட்டம் படிக்க வேண்டி வந்தது என்று சொன்னேனே, அது இவனுக்காகத்தான். அப்பா போனில் ஒரே வார்த்தை: “நல்ல லோயரா பாரு.” ஜொகூர் பாருவில் தெரிந்த வழக்கறிஞரைப் பிடித்தேன். “அண்ணே, விபத்து நடந்தது சிங்கப்பூர்ல. என்னால அங்க நிக்க முடியாது. அங்க உள்ள லோயர பாருங்க” என்றார். அவர் மூலமாகச் சிங்கப்பூரில் ஒருவர் கிடைத்தார். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, பெல்ட்டு கொக்கிய மாட்டியிருந்தீங்களா?”

அவன் என்னைப் பார்த்தான். “இல்ல சார்.”

“அப்ப கோர்ட்டுக்குப் போனா அதைத்தான் மொதல்ல பிடிப்பாங்க. சட்டப்படி வாங்குறதே நல்லது. அதுக்கு நான் தேவையில்ல. ஒரு வருஷத்துக்குள்ள பதியணும், அத மட்டும் விட்டுறாதீங்க.”

படி இறங்கவில்லை, மின்தூக்கிதான். கீழே வந்ததும் அவன் சொன்னான், “என்ன மாமா, இவரும் கேஸ் இல்லேங்குறாரு?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பல மாதம் கழித்துக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து மதிப்பீட்டு அறிவிப்பு வந்தது. அவன் படம் பிடித்து அனுப்பினான். நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விழுக்காடு, தொகை, கணக்கு. அப்பா தொகையைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனை வாங்கி, மிச்சமிருக்கும் விரல்களால் படத்தைப் பெரிதாக்க முயன்றார். அது நழுவி நழுவி ஓடியது.

“கடேசில சின்ன எழுத்துல ஏதோ போட்டிருக்கானே, என்னா அது?”

“ஒத்துக்கலேன்னா ஆட்சேபம் சொல்லலாம்பா.”

“எத்தன நாளு?”

“பதினாலு.”

“லெட்டர் தேதி என்னா? இன்னைக்கு எத்தனாவது நாளு?”

எண்ணிப் பார்த்தேன். ஆறாவது நாள்.

“அந்த லோயருக்குப் போன் போடு,” என்றார்.